அடிக்காத ஐந்தாவது மணி

1

இது கட்டுரையாகத்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அலமாரி மேல் நிற்கும் பழைய மரக் கடிகாரங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். அவற்றின் வேலைப்பாடு, இத்தனை காலம் கழித்தும் மனிதர்கள் ஏன் அவற்றை விடமாட்டேன் என்கிறார்கள், இந்த மாதிரி. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அப்படி ஒன்று இருந்தது. பென்சிலும் கையுமாக இறங்கிப் போனேன்.

முட்கள் பதினொன்று காட்டின. கடிகாரம் பத்து அடித்தது. என் கைக்கடிகாரத்திலும் பத்துதான்.

"முள்ளு ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கேக்கா. திருப்பி வைக்கட்டுமா?"

"கை வைக்காதீங்க தம்பி." தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. "அது அப்படியே இருக்கட்டும்."

அந்தக் குரலைக் கேட்டதும், கதை ஒன்று மாட்டியது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. விடாமல் கேட்டுக் கேட்டு, பாதியை வாங்கிக்கொண்டுதான் மாடியேறினேன்.

2

முதல் தொடக்கம்: "செதுக்கிய இரண்டு தூண்களுக்கு நடுவே, பீங்கான் முகமும் நீலம் பாய்ச்சிய முட்களுமாக, ஒரு குட்டி அரண்மனையைப் போல—"

[வெட்டியாயிற்று. சங்கடமான இடம் வந்தால் மர வேலையைப் புகழ ஆரம்பித்துவிடுவேன்.]

இரண்டாவது: "மூத்தவளுக்குத் தன் தங்கையைப் பிடிக்காது."

[பொய். தங்கை என்றால் உயிர். அதனால்தானே இவ்வளவு பாடு.]

மூன்றாவது: "தங்கை வந்தபோது மூத்தவள் ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்."

இது நிற்கும். (தையல்காரம்மாவை நேரில் 'அவர்' என்பேன். கதைக்குள் போனதும் 'அவள்' ஆக்கிவிட்டேன். எழுதுகிறவனுக்கு வரும் முதல் திமிர் இது.)

3

தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கையில் பெரிய பை. ஒரு மதியத்துக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று மூத்தவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள் தங்கை.

"மாமா எப்பக்கா வருவாரு?"

"ஆறு ஆயிடும்."

"அவரு வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா. அப்புறம் பேசலாம்."

என்ன கேட்பாள் என்று மூத்தவளுக்குத் தெரியும். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா என்பாள். போன தடவை இவள் வந்து தங்கியபோது தன் கணவர் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பின்னறை முழுக்கத் துணி மூட்டை வேறு. 'இரு' என்று சொல்லவும் தைரியமில்லை, 'இல்லை' என்று சொல்லவும் வாய் வராது. கேள்வியே வராமல் போனால் தேவலை என்றிருந்தது. தங்கையின் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. கடிகாரத்தில் நாலாகப் பத்து நிமிடம்.

தங்கை முகம் கழுவப் போன நேரத்தில் மூத்தவள் கடிகாரத்தின் பின்கதவைத் திறந்தாள்.

இங்கே வேலைப்பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். அதற்குள் இரண்டு சுருள்வில்கள். ஒன்று முட்களை ஓட்டும், மற்றது மணி அடிக்கும். எத்தனை அடிப்பது என்று மணி முட்களைக் கேட்பதில்லை. விளிம்பில் பள்ளம் வெட்டிய ஒரு பித்தளைச் சக்கரம் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே வரும்: மூன்று அடித்தாயிற்று, அடுத்தது நான்கு. நடுவில் ஒரு மணியை அடிக்கவிடாமல் தடுத்துவிட்டால், அந்த நான்கை அப்படியே வைத்திருந்து அடுத்த தடவை அடிக்கும்.*

அப்பா விட்டுப்போன கடிகாரம் அது. முள்ளைத் தள்ளினால் ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அக்கா தங்கை இருவருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். அன்றைய அவசரத்தில் மூத்தவளுக்குச் சத்தம் வரக்கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. மணியின் ஓட்டத்தை நிதானப்படுத்தும் சின்ன விசிறித் தகட்டை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். மறு கையால் பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். சத்தமில்லாமல் கதவை மூடினாள்.

(* கட்டுரைக்கு நான் எழுதி வைத்திருந்த வரி: "இந்த நேர்மைக்காகவே இக்கடிகாரங்கள் இன்னும் நேசிக்கப்படுகின்றன." இதைப் போய் தையல்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஊசியில் நூல் கோர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.)

4

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அதுக்குள்ள அஞ்சாகப் போகுதா?"

"பேசிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியல பாரு."

மூத்தவள் திரும்பவும் அந்தச் சட்டைக் கையை எடுத்துத் தைத்தாள். முள் ஐந்துக்கு வந்தது. கடிகாரம் நான்கு அடித்துவிட்டு நின்றது.

தங்கை அதைக் கவனிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி—

[என் முதல் பிரதி இப்படித்தான் இருந்தது. மூத்தவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. அதைப் படித்துக் காட்டியபோது தையல் மிஷின் சட்டென்று நின்றது.]

"கவனிக்கலைன்னு யாரு சொன்னா?"

"நீங்க அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"சொல்ல வாய் வரல." சட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "சின்னதுலேருந்து மணி அடிச்சா அவ மடியில கைய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா மடக்குவா. அன்னைக்கும் மடக்கினா. நாலு விரல் மடங்கிடுச்சு, கட்டைவிரல் மட்டும் நிக்குது. முள்ளப் பாத்தா. என்னைப் பாக்கல. அப்புறம் அந்தக் கட்டைவிரலையும் அவளே மடக்கிக்கிட்டு, 'அஞ்சாயிடுச்சுக்கா, நான் கெளம்புறேன்'னா."

அக்கா வெட்கப்பட்டுவிடக் கூடாதென்று அடிக்காத மணியைத் தானே எண்ணிக்கொண்டவளை, என் பிரதியில் ஒன்றும் தெரியாதவளாக்கி வைத்திருந்தேன். நானும் ஒரு விரலை உள்ளே விட்டு மணியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கேக்க வந்தத கேக்கவே இல்லையா?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் பதில் சொல்லிட்டேனே." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "பஸ் ஸ்டாண்டுல அந்தப் பைய வெச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் தனியா உக்காந்திருப்பா தம்பி. தெரிஞ்சும் நான் பின்னாலயே ஓடல."

5

முடிவு ஒன்று: மூத்தவள் தங்கைக்கு ஃபோன் செய்து அழுகிறாள்.

[ஃபோன் செய்கிறார்தான். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்க்கா." "அங்க மழையா?" "இல்லக்கா." இரண்டு வருடமாக இதற்கு மேல் ஒரு வார்த்தை போகவில்லை.]

முடிவு இரண்டு: கணவர் ஒருநாள் முள்ளைத் திருப்பி வைக்க, மூத்தவள் அவரிடம் உண்மையை—

[அதெல்லாம் போன மாதமே சொல்லியாயிற்றாம். அவர் எழுந்துபோய்ப் பின்னறைத் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடத்துக்குத் தூக்கி வந்தாராம்.]

முடிவு மூன்று—

[என்னால் முடியவில்லை.]

"அடையாளம் தெரியாம எல்லாத்தையும் மாத்திடுறேன்க்கா," என்றேன் கடைசியில். "தையல்காரிங்கிறத டீச்சர்னு போட்டுக்கலாம்."

"ஒண்ணும் மாத்தாதீங்க. விரல் மடக்கினத மட்டும் விட்டுடாதீங்க."

"உங்களுக்கு அசிங்கமா இருக்காதா?"

"இருக்கும். இருக்கட்டும்." மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். "இந்தப் பத்திரிகைய அவ ஒரு இதழ் விடமாட்டா. கதைன்னா பைத்தியம்."

கதை எனக்கு மாட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் மாட்டியிருக்கிறேன். ஃபோனில் சொல்ல முடியாததைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. படிக்கிறவர்களில் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

தங்கச்சி, உங்களை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே முட்டாளாக்கி ஒரு பிரதி எழுதினேன், மன்னித்துவிடுங்கள். பின்னறை காலியாக இருக்கிறது. ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறார். கடிகாரத்துக்கு வாராவாரம் சாவி கொடுக்கிறார், முள்ளை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். அதை நீங்கள் வந்து திருப்ப வேண்டுமாம். மணி அன்றிலிருந்து சரியாகத்தான் அடிக்கிறது.

வரும்போது அந்தப் பெரிய பையையே எடுத்து வாருங்கள்.