மர்வா தொழாத ஆறு நாட்கள்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. ஒரு வார இதழின் பெண்கள் பக்கத்தில், டாக்டரிடம் கேட்டு உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். என் படமும் வரும். பிள்ளை பெற்றபின் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, வீட்டிலேயே கர்ப்பம் சோதித்தால் நம்பலாமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பலாம் என்று எழுதினேன். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. அவசரப்பட்டுப் பார்த்தால் கரு இருந்தாலும் ஒரு கோடுதான் காட்டும், நாள் தப்பியதை எண்ண முடியாதவர்கள் கணவனோடு கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார். பக்கத்தில் இடமில்லை. அதை நானே வெட்டினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, பாளையங்கோட்டைப் பஸ் நிலையத்தில் வயிறு தள்ளிய பெண்ணொருத்தி என் முன்னால் வந்து மடித்த பக்கத்தை விரித்தாள். "இது நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அவள் பெயர்கூடத் தெரியாது. மீதியெல்லாம் கற்பனை. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

மேலப்பாளையத்தில் தறிச் சத்தம் ஓய்ந்துபோன ஒரு தெருவில்

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் தெருவுக்காக அழுதுவிட்டுப் பெண்ணை மறந்துவிடுவேன்.)

மர்வாவுக்கு இருபத்து மூன்று வயது. எட்டு மாதக் கைக்குழந்தை, வயிற்றை அறுத்து எடுத்தது. அடுத்ததற்கு இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். புருஷன் ரசீது, சவூதியில் தம்மாமிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்து, பிள்ளையை முதல்முறையாகத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் போன எட்டாம் நாள் அவள் சோதித்தாள். உள்ளூர் மருந்துக்கடையில் எல்லாரும் சொந்தம் என்பதால், பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கி வந்து, மத்தியானம் பார்த்தாள். ஒரே கோடு. அல்ஹம்துலில்லாஹ் என்று சுவரில் சாய்ந்தாள். என் பதிலையும் படித்திருந்தாள், பால் கொடுக்கும்போது விலக்கு தள்ளிப்போகும் என்பதையும் படித்திருந்தாள்.

3

மாமியார் பாத்துவை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். அடித்துவிட்டேன். மருமகளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பூண்டு உரித்தே நகம் எரிந்த மனுஷி அவர்.

"ஏளா, அவன் போனதுலேருந்து நீ ஒரு வக்துத் தொழுகைகூட விடலியே. விசேசமா?" என்று சிரித்தார்.*

மர்வா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவர் வாயில் விழுந்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெருவே வாழ்த்த வந்துவிடும். அப்புறம் இல்லை என்றால் அதற்கும் ஒரு பேச்சு. ஒரு கோடுதானே வந்தது, விலக்கு இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. மறுநாள் காலை, "தொழுகை இல்ல மாமி" என்றாள். ஆறு நாள் தொழுகைப் பாயைத் தொடவில்லை. ஏழாம் நாள் தலைக்குக் குளித்தாள். விலக்கு வரவேயில்லை.

* மாதவிலக்கு நாட்களில் தொழுகை கிடையாது. அதனால் ஒரு பெண்ணின் நாட்கள் வீட்டுக்கே தெரியும். யாரும் வேவு பார்ப்பதில்லை. பக்கத்துப் பாய் காலியாக இருந்தால் தெரியத்தானே செய்யும்.

4

ரசீது போன ஆறாவது வாரம், வாந்தி. மறுபடி சோதித்தாள். இரண்டு கோடு.

பாத்து மாமி அந்த ஆறு நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அன்று அஸருக்குப் பிறகு ரசீது மர்வாவைப் போனில் கூப்பிட்டான்.

"நான் இங்க திரும்பி வந்த பொறவு ஒனக்கு ஆறு நாள் தொழுகை இல்லியாமே. உம்மா சொல்லுதா."

"அது பொய் மச்சான். நான் சும்மா சொன்னேன். எனக்கு வரவே இல்ல."

"தொழுகையில போயா பொய் சொல்லுவா ஒருத்தி?"

"பயந்து சொல்லிட்டேன். நீங்க போன எட்டாம் நாளே சோதிச்சுப் பாத்தேன். ஒரு கோடுதான் வந்துச்சு, அதை நம்பித்தான்..."



"அப்ப, நான் போன பொறவும் வயித்துல ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு. நீயே சொல்லுத."

உண்மையைச் சொன்னால் காப்பாற்றும் என்று நினைத்து அவள் வாயைத் திறந்தாள். அது அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.  

(ஸ்கேன் எடுத்தால் தெரியுமே என்கிறீர்கள். பிறகு எடுத்தார்கள். எட்டு வாரம், அதாவது கரு தரித்து ஆறு வாரம், அவன் ஊரில் இருந்த கடைசி நாட்களோடு பொருந்துகிறது. தாளின் அடியில், ஒரு வாரம் முன்பின் இருக்கலாம் என்று போட்டிருந்தது. ரசீது அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டான்.)

5

ஒரு முடிவில் ரசீது அழுது மன்னிப்புக் கேட்டான். எனக்கே பொய்யாகப் பட்டது. இன்னொன்றில் பாத்து மாமி மருமகள் பக்கம் நின்றார். நிற்பார்தான், ஆனால் மகன் நம்ப மாட்டான். மூன்றாவதில் மர்வா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும்

இல்லை. அதை நான் எழுத மாட்டேன்.

மர்வா சொல்வது உண்மை என்று உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? நான் சொன்னேன், நம்பினீர்கள். ஒரு சாட்சிகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கும் என்னைப்போல் சொல்ல ஆளில்லை. அவளுடைய வாய்ச்சொல் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த முதல் போனில் ரசீது இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சு கேட்கிறது. "சொல்லு" என்கிறான். அவள் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை, அவன் நம்பும்படி, இதற்குக் கீழே நீங்கள் எழுதிப் பாருங்கள். நான் பதினோரு முறை எழுதினேன். ஒருமுறைகூட அவன் நம்பவில்லை.