தைரியக்காவின் ஞானப்பல்

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸின் உண்மையான பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தைரியக்கா என்றால் வாட்ச்மேனே வழி காட்டுவார். பல்லை அறுத்தெடுக்க வேண்டியவர்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, உள்ளே என்ன நடக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்வது அவள் வேலை. ஊசி எறும்பு கடித்த மாதிரி இருக்கும், எலும்பைத் தேய்க்கிற சத்தம் காதுக்குள் கேட்கும், அழுத்துவது தெரியும், வலி தெரியாது. நடுங்கிக்கொண்டு வந்த ஆசாமி பத்தே நிமிடத்தில் மாமியார் கதை பேச ஆரம்பித்துவிடுவார். பதினோரு வருடமாக இதுதான்.

இப்போது அவளுடைய ஞானப்பல்லே குறுக்கே படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டியது. ஒரு மாதம் வீக்கத்தை மாஸ்க்குக்குள் மறைத்து ஒப்பேற்றினாள். தைரியக்காவுக்கே பயம் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடாதா? கடைசியில் வீட்டுக்காரர்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். விளக்கிச் சொன்னவர் ஒன்று, கேட்டுக்கொண்டவர் ஒன்று.

"ரெண்டும் நீங்கதானே, போட்டுருங்க" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், ஒரு தடவ நீங்க..."

"உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா?"

அவளும் சிரித்து வைத்தாள். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வாய் வழக்கம்போல் ஓடியது, மனசுதான் காது கொடுக்கவில்லை.

ஊசி போட்டதும் வாய் மரத்தது. தேய்க்கிற சத்தம் தொடங்கியதும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். இடது கையைத் தூக்கினாள். 'முடியலைன்னா கையத் தூக்குங்க, டாக்டர் உடனே நிறுத்திடுவார்' என்பதுதான் எல்லோருக்கும் அவள் கடைசியாகச் சொல்வது. அதைக் கேட்டபிறகுதான் பலருக்கு முகம் தெளியும்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி வைத்தார். சத்தம் நிற்கவில்லை.

"நீங்களுமா? இங்க படுக்குற எல்லாரும் எதுக்கோ கையத் தூக்குறாங்க. பயத்துல வரும்போல."

பல் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஏன் குறை சொன்னதில்லை என்பது வாயைத் திறக்க முடியாமல் பஞ்சைக் கடித்தபோது அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி நீட்டினாள்: 'கையத் தூக்கினா நீங்க நிறுத்தணும். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.'

டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"எங்கிட்ட சொல்லலையே" என்றார்.