சுடாத மூன்று விரல்கள்

குலசேகரம் தொடங்கி மார்த்தாண்டம் வரைக்கும் நெருப்பே பார்த்துப் பயப்படுகிற கை ஒன்று உண்டென்றால், அது என்னுடையதுதான். அடுப்புக் கனலைக் கொய்யாக்காய் மாதிரிப் பொறுக்கி எடுப்பேன். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் எதுவும் சுடாது.

முப்பத்துநாலு வருஷம் ரப்பர் பால்வெட்டு. கத்தி பிடித்தே மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிந்துபோயிற்று. ஓய்வு பெற்ற பிறகுதான் ஆபரேஷன். மூன்று மாதத்தில் உணர்ச்சி வரும் என்றார் டாக்டர். வலி போனது, அது உண்மை. ஒன்பது மாதமாகியும் உணர்ச்சி வரவில்லை. ரொம்பத் தாமதமாக வந்தீர்கள் என்று இப்போது சொல்கிறார். சோறு சூடா, ஆறியதா என்று சுண்டுவிரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். சட்டைப் பொத்தானை என் மனைவி ஞானபாய் மாட்டிவிடுகிறாள்.

சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஒரே காலையில் மூவாயிரம் மரத்தில் பால் வெட்டியதாகவும், எதிரே வந்த யானைக்கு வழிசொல்லி அனுப்பியதாகவும் சொன்னவன் நான். பொத்தான் மாட்டிவிட ஆள் வேண்டுமென்று நடிக்கிறேன் என்பது ஞானபாயின் முடிவு.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்தான் சர்ச் படியேற வேண்டுமென்று மகள் ஷெர்லி போனில் சொல்லிவிட்டாள். அவளைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் இந்தக் கையிலிருந்து தம்ளர் நழுவினால், தரையில் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் எனக்கே தெரியும். கையில் பிடிப்பில்லை, பிள்ளை விழுந்துவிடும் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

“பிள்ளைய தூக்கதுக்கு மடி. அதுக்கொரு கத,” என்றாள் ஞானபாய். எனக்குச் சோம்பலாம்.

சனிக்கிழமை காலை அடுப்பில் புட்டு. வெந்ததா பாருங்கள் என்றாள். துணி தேடாமல் புட்டுக்குழலின் மூடியை மூன்று விரலால் எடுத்தேன். ஆவி குப்பென்று வந்தது. மூடியைப் பிடித்தபடியே, அந்த யானை மறுவருஷம் நன்றி சொல்ல வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞானபாய் முகம்தான் சரியில்லை. அவள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது.

மூடியைத் தட்டிவிட்டு, என் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எரியுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். முதல்முறையாக அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஈரக்கையோடு ஷெர்லிக்குப் போன் போட்டாள்.

“பிள்ளைய அப்பாக்க கையில குடுக்காண்டாம் மக்கா,” என்றாள். அந்தப் பக்கம் ஷெர்லி ஏதோ கேட்டாள். இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“இல்ல. அவரு சொன்னது உள்ளதாக்கும்.”