உள்தாழ்ப்பாள்

என் அண்ணன் எஸ்கில் இருபத்தாறு வருடம் விமானம் ஓட்டியவன். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல், அட்லாண்டிக்கைத் துடுப்புப் போட்டே கடக்கலாம் என்று என்னையும் இழுத்து வந்துவிட்டான். பெர்கன் நகரில் பல் மருத்துவராக ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள் நான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். ஒருவர் துடுப்பில், மற்றவர் பின்னாலிருக்கும் சிற்றறையில். மாறும்போதெல்லாம், விமானத்தில் செய்வதுபோல, அவன் பட்டியல் வாசிப்பான். நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

"இடுப்புக் கயிறு?"

"மாட்டியாச்சு."

"கதவு? உள்தாழ்ப்பாள்?"

"போட்டுடுவேங்க கேப்டன் ஐயா. பயணிகளுக்குக் காபி எப்ப வரும்?"

"சிரி, சிரி. படகு கவுந்தா என்ன செய்வே?"

"பதறாம கையை மடியில வெச்சு அஞ்சு எண்ணணும். கதவைத் தொடக் கூடாது. வலது சுவர்ல போய் மோதணும், அந்த எடையிலதான் படகு உருளும்."

"ஏன் தொடக் கூடாது?"

"உள்ள காத்து இருந்தாதான் படகு நிமிரும். தண்ணி பூந்தா ரெண்டு பேருக்கும் சங்குதான்."

"நானே வந்து தட்டினாலும்?"

"நீ தட்டினா நிச்சயமா திறக்க மாட்டேன்."

முப்பத்துநாலாம் நாள் காலை. அவன் துடுப்பில், நான் உள்ளே படுத்திருந்தேன். பக்கவாட்டில் வந்த அலை படகை அப்படியே புரட்டிப் போட்டது. கூரையில் கிடந்தேன். கதவுக் கண்ணாடி முழுக்கப் பச்சைத் தண்ணீர்.

கையை மடியில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

கதவு தட்டப்பட்டது. கண்ணாடியில் அவன் உள்ளங்கை. மறுபடி தட்டினான், வெறி பிடித்தவன் போல. என் கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது. அதை இழுத்து மடியில் வைத்தேன். நான்கு. ஐந்து.

சுவரில் மோதினேன். தட்டல் நின்றுபோனது. ஐயோ என்று அலறிக்கொண்டே இன்னொரு முறை மோதினேன். படகு உருண்டு நிமிர்ந்தது.

கதவைத் திறந்து, இடுப்புக் கயிற்றில் தொங்கியவனை இழுத்துப் போட்டேன். உப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் கக்கினான். உயிர் இருந்தது.

"நீ திறக்கல," என்றான்.

"திறக்காதேன்னு நீதானே சொன்னே!" எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஊருக்குத்தான் உபதேசமா? எதுக்குத் தட்டினே?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விமானத்துல, விமானி அறையோட பூட்டின கதவுக்கு நான் எப்பவும் உள்பக்கம்தான், டோருன். வெளிப்பக்கம் இன்னிக்குத்தான் நின்னேன்."

அலை இன்னும் அடங்கவில்லை. என் முறை வந்தது. அவனை அறைக்குள் தள்ளிவிட்டு, கயிற்றை மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை நான் பட்டியல் வாசித்தேன்.

"கதவு?"

"மூடியாச்சு."

"உள்தாழ்ப்பாள்?"

கண்ணாடி வழியே பார்த்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தான்.

"போடு, எஸ்கில்," என்றேன்.