கண்ணை மூடினால் அவுட்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பல்லுக்குத்தான் விடுமுறை, பேய்க்கு இல்லை. மதியம் சாப்பிட்ட கையோடு நாலைந்து பேர் வந்து, நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டி, சுவர் மேல் புரொஜக்டரில் பேய்ப் படம் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் வயது வந்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். படம் முடிந்ததும் பழசு பெரிதா புதுசு பெரிதா என்று தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள். ஒருத்தராவது ஒரு இம்மி விட்டுக்கொடுத்தார் என்று கிடையாது.

டாக்டர் பழைய படக் கட்சி. "ஒரு கதவு, கதவுக்குப் பின்னாடி ஒரு சத்தம். அவ்ளோதான்யா வேணும். மிச்சத்தை நம்ம மனசு பாத்துக்கும்" என்பார். செல்போன் கடைக்காரர் புதுப் படக் கட்சி. "உங்க பேய் நடந்து வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுது டாக்டர்" என்பார். இப்போது வருகிற படங்கள்தான் அவருக்கு உசத்தி. பேயைக் கண்ணிலேயே காட்டாமல், ஒரு வீடு, ஒரு குடும்பம், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி யாரும் யாரோடும் பேசாமல் இருப்பது, இதை வைத்தே வயிற்றைக் கலக்குகிற படங்கள். தையற்கடை அம்மாள் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. "அதுல பேய் எங்க வருது? மாமியார் வீடுதான் வருது. அதுக்கு நான் என் வீட்லயே உக்காந்திருப்பேனே" என்று புதுசை ஒதுக்கிவிடுவார். பழசையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். ரத்தம் கொட்டாத படம் அவருக்குப் படமே இல்லை.

இந்தக் கூத்தைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பல் பிடுங்கும்போது டாக்டர் ஆளின் விரலில் ஒரு சின்ன கிளிப் மாட்டுவார். அது நாடித் துடிப்பை எண்ணாகக் காட்டும், ரொம்ப எகிறினால் கத்தும். அதைப் படம் பார்க்கிறவர் விரலில் மாட்டிவிட்டால், "எனக்கென்ன பயம்" என்று வாய் ஆயிரம் சவடால் விட்டாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் படத்துக்கு எண் எகிறுகிறதோ அந்தப் படம் ஜெயித்தது. இதற்கு ஒரே ஒரு விதி: கண்ணை மூடினால் அவுட். மூடிக்கொண்டவர் விரலில் என்ன ஓடினாலும் செல்லாது.

விதியைப் போட்டவள் ஜட்ஜம்மா. அங்கே எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். செல்போன் கடைக்காரரின் அக்கா மகள். காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், மாமாவோடு ஒட்டிக்கொண்டு வந்து, இரண்டு கட்சிக்கும் நடுவில் நாற்காலி போட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்த ரூலே. அவரு பேய்ப் படம் பாத்ததா சொல்லுவாரு, நம்பாதீங்க. எல்லாம் காதால கேட்டதுதான்" என்பாள்.

போன வருஷம் அவள் ரோட்டில் வண்டி மோதிச் செத்துப்போனாள். இப்போது அந்த நாற்காலியில் உட்காருவது அந்த அப்பா.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஒரு காலத்தில் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. வேலையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கிரீஸ் தடவுவார், அடிக்குழிக்குள் இறங்கி இருட்டில் விழுந்த ஸ்குரூவைத் தடவித் தேடுவார், ஒன்றும் ஆகாது. டி.வி.யில் ஒரு கதவு கிரீச்சிட்டால் போதும், இரண்டு உள்ளங்கையும் முகத்துக்குப் போய்விடும். "போயிடுச்சா?" என்று கைக்குள்ளிருந்து கேட்பார். பக்கத்தில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "இன்னும் இல்லப்பா. நிக்குது. ஐயோ, உங்களையேதான் பாக்குது" என்று மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டு, கடைசியில்தான் "போயிடுச்சுப்பா, கண்ணைத் திறங்க" என்பாள். அவள் சொல்லாமல் அவர் திறந்ததே இல்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி, "வீட்டுக்கு ஆம்பளைன்னு ஒருத்தர், தைரியத்தைப் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

மகள் போனாள், அந்தப் பயமும் போயிற்று. பயம் மட்டுமா போயிற்று? அவளை வீட்டிலிருந்து எடுத்துப் போனபோது அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மறு வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். போட்டதைச் சாப்பிட்டார். படுத்தால் தூங்கினார். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிவிட்டது அவருக்கு உள்ளே. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே மைத்துனன் கடைக்குப் போய், "அவ சீட்டு காலியாத்தானே மாப்ள இருக்கு? நான் வந்து உக்காரலாமா?" என்று கேட்டார். செல்போன் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் மாமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஒரே ஒரு தடவை பழையபடி பயந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு. அதற்காகத்தான் போனார்.

முதல் ஞாயிறே விரலில் கிளிப் மாட்டினார்கள். கழுத்து திரும்பியது, சுவரில் ரத்தம் வழிந்தது, குழந்தை கிழவன் குரலில் பேசியது. அவர் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. எண் அசையவே இல்லை. இரண்டு கட்சிக்கும் வந்ததே சந்தோஷம்! இப்படியொரு ஆளை எங்கே போய்த் தேடுவது? இவரை ஆட்டுகிற படம் எதுவோ அதுதான் இனிமேல் பெரிது, அதற்கு மேல் அப்பீலே இல்லை என்று பேசி முடித்துவிட்டார்கள். அவருக்குக் 'கல்லு' என்று பேரும் வைத்தார்கள். துக்கம் கேட்க வேண்டிய வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பந்தயம் கட்டுகிறோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கெட்ட மனிதர்கள் இல்லை, ரசிகர்கள். அவர்கள் கண்ணுக்குப் படம்தான் தெரிந்தது. அவருக்கும் அது வசதியாக இருந்தது.

புதுப் படம் ஒன்றில் ஒரு தாய், செத்த மகளுடைய அறை வாசலில் நெடுநேரம் சும்மா நின்றாள். செல்போன் கடைக்காரரே பதறிப்போய்ப் படத்தை நிறுத்தி, "மாமா, இது வேணாமா?" என்றார்.

"ஏன்? ஓடட்டும்" என்றார் கல்லு. எண் அப்போதும் அப்படியேதான் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பெரியக்கா வீட்டுக்குப் போறேன்."

"சரி."

"எத்தனை நாளைக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்றதா இல்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார். ஜிப் பாதியில் சிக்கி நின்றது. தன் வேலைப் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து, சிக்கை எடுத்துக் கொடுத்தார். என்ன மனிதர் பாருங்கள்! கட்டின மனைவி வீட்டை விட்டுப் போகிறாள், இவர் அவள் பெட்டிக்கு ரிப்பேர் பார்க்கிறார்.

மனைவி அந்த ஜிப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்டியா அழுது அழுது எனக்கு மூச்சு முட்டுதுங்க. இந்த வீட்ல அழறதுக்குக் கூட எனக்குத் துணை இல்ல. நீங்க என்னடான்னா செத்துப்போன புள்ளையோட நாற்காலியில உக்காந்து பேய்ப் படம் பாத்துட்டு வர்றீங்க. அவ போனது உங்களுக்கு உறைக்கவே இல்லியா?"

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் நின்றுவிடுவாள் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்து உட்கார்ந்திருந்தது. "இனிமே ஜிப் சிக்காது" என்றார்.

அந்த வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று மகள் பையில் இருந்தது. ரோட்டில் விழுந்த பை திரும்பி வரவே இல்லை. மாற்றுச் சாவி போட்டுக்கொள்ள இருவருக்கும் மனசு வரவில்லை. "சாயங்கால பஸ்ஸு. போற வழியில கிளினிக்ல சாவியைக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் மனைவி.

கிளினிக்கில் செல்போன் கடைக்காரர் அவரை ஓரம் கட்டினார். "மாமா, அக்கா கிளம்புறாளாமே? தடுக்க மாட்டீங்களா?"

"பஸ்ஸு சாயங்காலம்தான்."

"அட, என்ன மனுஷன் மாமா நீங்க!" என்று கடைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு டாக்டரின் முறை. எங்கிருந்தோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்திருந்தார். ஒரு வீட்டின் மாடிப்படியில் ஈரக் கால்தடம். ராத்திரிக்கு ராத்திரி ஒரு படி மேலே ஏறி வருகிறது. அவ்வளவுதான் கதை. பாதிப் படம் வரைக்கும் கல்லு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வீட்டில் ஒரு தடவை இந்தப் படம் ஓடியது. முகத்தைப் பொத்திக்கொண்டு முழுக்கக் கேட்டிருந்தார். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு என்ன வருகிறது என்று மட்டும் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டும் மகள் சொல்லவில்லை. "வேணும்னா கண்ணைத் திறந்து பாருங்க" என்று சிரித்ததோடு சரி.

இப்போது அந்தக் கடைசிக் கட்டத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தார். தண்ணீர் சொட்டியது. கீல் முனகியது. கதவு திறந்தது. ஒரு கை வந்தது, அதன் பின்னால் ரப்பரில் செய்த ஒரு முகம் வந்தது.

"கையில நூல் தெரியுது பாருங்க. மூஞ்சித் தையலும் சரியில்ல" என்றார் தையற்கடை அம்மாள்.

இதற்காகவா, என்று நினைத்தார் கல்லு. எண் அசையவில்லை. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தம் கம்மியா வெச்சுட்டேன். அதான் விஷயம். இன்னொரு தடவை போடறேன்" என்று டாக்டர் படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினார்.

மறுபடியும் தண்ணீர் சொட்டியது. அந்த ரப்பர் முகத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று கல்லுவுக்குப் பட்டது. தானும் மகளும் பார்த்த படம் அது இல்லை. அந்தப் படம் உள்ளங்கைக்குள் இருட்டாக இருந்தது. அவர் மெல்ல இரண்டு கையையும் தூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டார். கிளிப் நெற்றியில் குத்தியது. கீல் முனகியது, கதவு திறந்தது, வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து அலறின. அலறி முடிந்ததும் சத்தமே இல்லாமல் ஆயிற்று. அவள் பேசுகிற இடம் அதுதான்.

அவர் காத்திருந்தார்.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

பதிலுக்கு, விரலில் இருந்த கிளிப்தான் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது.

"எகிறிடுச்சு! பாத்தீங்களா, எகிறிடுச்சு! பழசு பழசுதான்யா!" என்று டாக்டர் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"அதெல்லாம் செல்லாது. கண்ணை மூடிட்டாரு, அவுட்டு!" என்றார் தையற்கடை அம்மாள்.

"மூடுறதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிடுச்சும்மா!"

"நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்? ரூலுன்னா ரூலுதான். ஜட்ஜம்மா இருந்தா..." என்று சொன்னவர், பேச்சைப் பாதியிலேயே விழுங்கிவிட்டார்.

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா?" என்று செல்போன் கடைக்காரர் கத்தினார். மாமா பக்கத்தில் போய்க் குனிந்தார். போயிடுச்சு மாமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவருக்கும் அந்த விளையாட்டு தெரியும். ஆனால் அதைச் சொல்கிற ஆள் அவர் இல்லை.

அப்போதுதான் வாசல் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் சாவியுமாக மனைவி நின்றாள். சுவரில் உறைந்து நின்ற ரப்பர் முகத்தைப் பார்த்தாள், அதற்கு எதிரே முகத்தைப் பொத்தி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். ஒருத்தரும் அவளுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷம் சமையலறை வாசலில் நின்று பார்த்தவள்!

"போயிடுச்சா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். குரல் உடைந்து, குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் தோளில் தன் தோள் படும்படி உட்கார்ந்தாள்.

"இல்லைங்க. இன்னும் போகல" என்றாள்.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. விரல் இடுக்கில் கசிந்த தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அறையில் இதுவரை ஓடிய எந்தப் படத்திலும் அப்படியொரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. டாக்டர் படத்தை அணைத்தார். தையற்கடை அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளிப்பை மட்டும் யாரும் கழற்றவில்லை, அது கத்திக்கொண்டே இருந்தது.

"கண்ணைத் திறக்காதீங்க. நானும் மூடிக்கிறேன்" என்றாள் மனைவி. சாவியைக் கூடக் கீழே வைக்காமல், அவளும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.