வெர்ல் அப்பா மாட்டிய தகடு

பிராட்டன் ஊர்க் கடைவீதியில் மார்லிஸ் வாங்கிய கட்டடம் ஒரு காலத்தில் அடுப்புக் கம்பெனியின் காட்சிக்கூடம். செங்கல் சுவர், வளைந்த ஜன்னல்கள் எல்லாம் உண்டு. கண்ணில் படாது, அவ்வளவுதான். அறுபதுகளில் ஊருக்கு நாகரிகம் வந்தபோது முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடிவிட்டார்கள். அடுப்புக் கட்டடத்துக்கு ஃபிரிட்ஜ் வேஷம்.

மாடியில் தையல் வகுப்பு தொடங்க வேண்டும் என்று மார்லிஸுக்கு ஆசை. ஜன்னல் திறக்காத மாடிக்கு அனுமதி இல்லை என்று தீயணைப்புத் துறை சொல்லிவிட்டது. தகட்டைக் கழற்ற ஊரின் பாரம்பரியக் குழு சம்மதிக்க வேண்டும். ஐம்பது வயது தாண்டியதெல்லாம் பாரம்பரியம் என்பது குழுவின் விதி. தகடும் தாண்டிவிட்டது. போதாததற்குக் குழுத் தலைவர் வெர்லின் அப்பாதான் அதை மாட்டியவர்.

"அந்தத் தகடு ஒரு மாதிரி இருக்கு," என்றார் கூட்டத்தில் ஒருவர். பிராட்டனில் இதற்கு மேல் வசவு கிடையாது. பயந்துபோய், "நல்ல மாதிரிதான்," என்று சேர்த்துக்கொண்டார்.

"வெர்ல் அப்பா கை வைச்ச வேலையாச்சே," என்றாள் செயலாளர் டோனா.

வெர்ல் மேசையைப் பார்த்தார். "எனக்காக யாரும் சங்கடப்படாதீங்க. உங்க இஷ்டம்."

எல்லாரும் மார்லிஸைப் பார்த்தார்கள். கேட்கத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. இருக்கட்டும்," என்று வந்தது.

தகட்டைக் காப்பது, பக்கத்தில் பித்தளைப் பலகை பதிப்பது என்று ஒருமனதாக முடிவானது. "சரி, அப்போ," என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்த ஊரில் தொடையைத் தட்டுவதற்கும் கார் கிளம்புவதற்கும் நடுவில்தான் மனதில் இருப்பது வெளியே வரும்.

கார் கதவைப் பாதி திறந்தபடி வெர்ல் சொன்னார்: "அப்பாவுக்கே அதைப் பார்க்கச் சகிக்காது. பக்கத்துத் தெரு வழியாத்தான் வீட்டுக்குப் போவாரு."

"நாங்க உங்களுக்காகத்தானே கை தூக்கினோம்?" என்றாள் டோனா.

"நான் உங்களுக்காகத் தூக்கினேன்."

"அப்போ என் ஜன்னல் யாருக்காகப் போச்சு?" என்றாள் மார்லிஸ். தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். முடிவை மாற்றலாம், ஆனால் டோனா தீர்மானத்தைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டாள், அவள் மனம் நோகும். வெர்ல் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

"இன்னைக்குக் காத்து பலமா இருக்கும்போல."

"இருக்கும் இருக்கும்," என்றாள் டோனா. "ஏணி எங்க வீட்டுல இருக்கு."

காலையில் தகடுகள் நடைபாதையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. திருகாணிகள் எல்லாம் ஒரு காபி டப்பாவில். பக்கத்தில், மார்லிஸுக்காகத் துணி மூடிய தட்டில் சுடச்சுட வேகவைத்த உருளைக்கிழங்கு. ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "பொல்லாத காத்துதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்லிஸ் மாடிக்கு ஓடிப்போய்த் தோளால் முட்டி முதல் ஜன்னலைத் திறந்தாள். அந்த வாரமே வகுப்பு தொடங்கியது.

அடுத்த மாதம் பித்தளைப் பலகையும் வந்து சேர்ந்தது. 'இந்த அலுமினிய முகப்பு பாதுகாக்கப்படுகிறது' என்ற எழுத்துகளோடு, திறந்த ஜன்னல்களுக்குக் கீழே செங்கல்லில் பளபளக்கிறது. வேண்டாம் என்று பலகை செய்தவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.