கமலக்கண்ணனுக்கு வேர்த்தது

பதினோரு வயதில் வந்த டைப் ஒன் சர்க்கரையோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் என்பதால், இன்சுலின் விஷயத்தில் தன்னை மிஞ்ச புதுச்சேரியில் ஆளில்லை என்பது கமலக்கண்ணனின் எண்ணம். அந்த மேதைதான் சர்க்கரை இறங்கியது தெரியாமல் பெரிய மார்க்கெட்டில் மீன் கூடைமேல் மயங்கி விழுந்தவர். சர்க்கரை குறைந்தால் மற்றவர்களுக்கு வரும் நடுக்கம், வேர்வை எதுவும் அவருக்கு வருவது நின்று வெகுகாலமாகியிருந்தது. மீன் விற்கும் கொளஞ்சியோ, காலையிலேயே குடித்துவிட்டார் என்று அவர் மனைவி அமுதவல்லிக்குச் சொல்லியனுப்பினாள்.

அவருக்கு அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. இருவரும் பிரான்சுக்குப் போய் இரண்டு வருஷம் தங்கினார்கள். இறந்தவர்கள் தானம் தந்த கணையத்திலிருந்து பிரித்தெடுத்த, இன்சுலின் சுரக்கும் செல்களை அங்கே அவருடைய கல்லீரலில் ஏற்றினார்கள். செல்கள் நன்றாக வேலை செய்கின்றன, உடம்பும் இன்சுலினுக்கு முன்னைவிடச் சீக்கிரம் பணிகிறது, இனிமேல் துளி ஊசி போதும் என்றார் டாக்டர். கமலக்கண்ணன் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போனார்கள். கையில் பிரியாணிப் பொட்டலம். அமுதவல்லி டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில், பிரியாணி வாசனை பழைய கணக்கை நினைவூட்ட, பழைய அளவையே குத்திக்கொண்டார். வந்தவள் அக்கரை பீச்சில் போய்ச் சாப்பிடலாம் என்றாள். ஊசி போட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் படகில் ஏறினார்.

பாதி வழியில் சட்டை நனைந்தது. கை நடுங்கியது.

"அமுதா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஹார்ட் அட்டாக்குதான். அஞ்சலி பேனருக்கு நம்ம கல்யாண போட்டோவ போட்டுடாத. அதுல முடி நெறய இருக்கு, யாருக்கும் அடையாளம் தெரியாது."

அவள் பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து அவர் விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. மாம்பழ ஜூஸைத் திறந்து வாயில் வைத்தாள். நடுக்கம் அடங்கியபோதுதான் அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தார்.

"வேர்க்குதுங்க உங்களுக்கு," என்றாள். "எத்தினி வருஷமாச்சு. இனிமே உங்க ஒடம்பே சொல்லிடும்."

இத்தனை காலம் அவர் முகத்தையே பார்த்துக் காவலிருந்தவள் அவள். உடம்பு ஒழுங்காக மணியடித்ததைச் சாவென்று எண்ணி பேனர் வரைக்கும் போய்விட்ட தன் அறிவை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் வீடியோ காலில் வந்த பிரான்சு டாக்டர் நடந்ததைக் கேட்டுப் பிரெஞ்சில் வறுத்தெடுத்தார். சொன்ன துளிக்கு மேல் போடாதே, மீறினால் உன்னைப் போல முட்டாள் கிடையாது என்றார். "வி தொக்தேர்" என்று பணிவாக ஆமாம் போட்டுவிட்டு, கமலக்கண்ணன் மனைவியிடம் திரும்பினார்.

"ரொம்ப நல்லா பாத்துக்கிறீங்கன்னு பாராட்றாரு."

பிரான்சில் இரண்டு வருஷம் கடை கண்ணிக்கெல்லாம் போய்வந்து பிரெஞ்சு பேசப் பழகியவள் அவள்தான் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அமுதவல்லி ஊசிப் பெட்டியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.